செங்கம்மாவின் நம்பர்

கொர்லகுண்டா, திருப்பதி
9-9-2024

சித்தூர் கட்டமஞ்சி சமஸ்தானத்தின் இளவரசியும் என் ஒரே மருமகளுமான ஹரிப்ரியாவின் சமூகத்துக்கு,

ஏழுமலைக்குக் கீழே, ஒரு மாடிப்படிக்கும் கீழே, எட்டுக்கு ஆறு அறையில் வெப்சைட் சக்கரவர்த்தியாக வீற்றிருக்கும் தாய்மாமன் கோவர்த்தனன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நூறு யானை பலத்துடன் இருக்கிறேன். அங்கே நீயும், உன் நைனாவும், உன் நைனாவின் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறியக் காத்திருக்கிறேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸப்பிலும் என் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டாய். அதனால் முப்பது வருஷம் கழித்துத் தபாலாபீஸ் போய்க் கவர் வாங்கினேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, “எவரிகண்டி, யாருக்கு, கோர்ட்டுக்கா?” என்றாள். ஆமாம், என் மருமகளுடைய கோர்ட்டுக்கு என்றேன்.

விஷயம் இதுதான். போன ஜூலையில் ஒரு குரங்கு, அனுமாருக்கு நேர் வாரிசு, நாற்பது கிலோ இருக்கும், ஜன்னல் வழியே வந்து என் லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டது. வேறு ஒன்று வாங்கினேன். அதில் என் அக்கவுண்டைத் திறக்கப் போனால், நீ யார் என்று என்னையே கேட்கிறது. லாட்ஜ், டிபன் கடை, டிராவல்ஸ், பூமாலைக் கடை என்று நான் கட்டிக்கொடுத்த இருபத்திரண்டு ராஜ்ஜியங்களும் அந்த ஒரே பூட்டுக்குள் இருக்கின்றன. பூட்டு ஆறு எண்களை அனுப்பும். பத்து நிமிடத்துக்குள் அடித்தால்தான் திறக்கும். எண் வருவது அக்காவின் போனுக்கு.

ஏன் அக்கா நம்பரைக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஆஃபர் வந்தால் சிம்மை மாற்றுகிறவன் நான். பதினைந்து வருஷமாக ஒரே நம்பர் வைத்திருந்தவள் அவள். எண் வந்ததும் நான் கூப்பிடுவேன். உடனே கொடுத்துவிடுவாளா? “மொதல்ல துன்னியா, சொல்லு” என்பாள். “பதினாறு வகைக் காயோட துன்னேன்கா” என்பேன். “அப்ப எட்டு” என்பாள். என்ன கொழம்பு, யார் செஞ்சது என்று ஆறு நிமிடம் போய்விடும். பிறகுதான், “நாலு… ஏடு… ஏடு…” என்று தெலுங்கும் தமிழுமாக வாசிப்பாள். கடைசி நொடியில் ராஜ்ஜியத்தின் கதவு திறக்கும்.

அக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவள் போனுக்கு நீ ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பிரம்மோற்சவம் வேறு வருகிறது. எல்லாருக்கும் சைட்டில் எதையாவது மாற்ற வேண்டும். வருகிற 19-ம் தேதி வியாழக்கிழமை, காலை சரியாகப் பதினோரு மணிக்கு நான் பட்டனை அழுத்துவேன். அந்த ஆறு எண்களை மட்டும் ஒரு மெசேஜாக அனுப்பிவிடு. பேச வேண்டாம். திட்டக்கூட வேண்டாம்.

இருபத்திரண்டு ராஜ்ஜியங்களின் கண்ணீரைக் கைக்குட்டையில் பிழிந்துகொண்டிருக்கும்,
கோவர்த்தன மாமா


கட்டமஞ்சி, சித்தூர்
20-9-2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். நைனாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று பதினோரு மணிக்கு அம்மாவின் போன் சத்தம் போட்டது. ஸ்கூல் ஆபீசில் என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஆறு எண்கள் வந்தன. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண் 477203. இப்போது அது உங்களுக்கு எதற்கும் உதவாது என்பதால் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம். உங்கள் தொழிலில் இனிமேல் இந்த வீட்டுக் கை படாது.

இருபத்திரண்டு ராஜ்ஜியம் என்கிறீர்கள். ஏர்பேட்டில் புருஷோத்தமன் விற்கிற நாற்பது நாள் பொடி அதில் எத்தனையாவது ராஜ்ஜியம்? ‘நாற்பதே நாளில் சர்க்கரை நோய் ஓடிப்போகும், மாத்திரைகளைக் கிணற்றில் போடுங்கள்’ என்று அதில் எழுதியது நீங்கள். எங்கள் வீட்டில் கிணறு இல்லை. அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டாள். காரியம் முடிந்து டிரம்மைக் கழுவ எடுத்தபோது அட்டை அட்டையாக வெளியே வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் செங்கம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். நாராயணவனம், வயது ஐம்பத்திரண்டு. நாற்பத்தோராம் நாள் கல்யாண வீட்டில் நாலு ஜிலேபி துன்னதாகச் சொல்லிவிட்டு போட்டோவில் சிரிக்கிறாள். அம்மாவுக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. “நாராயணவனம் ஒருவாட்டி போலாண்டி, சாமியக் கும்புட்டுட்டு அப்படியே அந்தம்மாவயும் பாத்துட்டு வரலாம்” என்பாள்.

செங்கம்மா யார்?

ஹரிப்ரியா


கொர்லகுண்டா, திருப்பதி
1-10-2024

கோபத்திலும் முத்து முத்தாக எழுதும் மருமகளுக்கு,

நீ நலம் என்பதைக் கையெழுத்தே சொல்லிவிட்டது. நானும் குண்டுக்கல்லாக இருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பிறந்த நாள் முதல் என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவள், ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பத்து வயது கூடித் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடியில் என்னையே அடையாளம் தெரியாமல் வணக்கம் சொன்னேன்.

இங்கே நிலைமை பிரளயம். லாட்ஜ் வெங்கடரமணனைத் தெரியுமல்லவா? ஆறு அறை வைத்திருக்கிறவருக்கு நான் சைட்டில் ‘அறுபது அரண்மனை அறைகள்’ என்று எழுதிக்கொடுத்தேன். ‘இங்கே வெந்நீரில் குளித்தால் ஏழு தலைமுறைக்குத் தலைவலி வராது’ என்றும் எழுதினேன். அவர் தினமும் வந்து என் வாசலில் நிற்கிறார். ஈரோட்டிலிருந்து ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கி, மீதி அறைகள் எங்கே என்று கேட்டார்களாம். அந்த அறுபதை மாற்று என்கிறார். திறந்தால்தானே மாற்ற? பூமாலைக்காரரும் இரண்டு டிராவல்ஸும் என் ராஜ்ஜியத்தைவிட்டு வேறு ராஜாவிடம் போய்விட்டார்கள்.

அதனால் ஒரு ராஜதந்திரம் செய்யலாம். நான் சித்தூருக்கு வருகிறேன். வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் லேப்டாப்புடன் ஒளிந்துகொள்கிறேன். நீ அந்தப் பக்கமாகப் போகிறபோது எண்ணைக் காகிதத்தில் எழுதி உருட்டி வீசு. என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகத்தின் மேலேயே வீசினாலும் சரி.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் இப்போதே நின்றுகொண்டிருக்கும்,
மாமா


சித்தூர்
12-10-2024

மச்சானுக்கு ஹேமநாத் எழுதுவது. சுகம். முட்டி சுகம் இல்லை.

ஒன் லெட்டர நான் டிவி மேல வெச்சேன். அவ எடுத்துப் படிச்சா. ரெண்டுவாட்டி. பதில் எழுத மாட்டேன்னா. ஏன்னு கேட்டதுக்கு, நான் கேட்டத வுட்டுட்டு லாட்ஜுக் கத எழுதியிருக்கான் நைனான்னு சொன்னா.

கேட்டதுக்கு எழுது. கரும்புச்சாறு வண்டி இப்ப அங்க இல்ல.


கொர்லகுண்டா, திருப்பதி
24-10-2024

ப்ரியா,

நலம் விசாரிக்க இந்தத் தடவை வார்த்தை வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

லாட்ஜுக்காக இல்லை. பிரம்மோற்சவம் முடிந்துவிட்டது, வெங்கடரமணனின் ஆறு அறையும் நிரம்பி வழிந்து அவரும் என்னை மன்னித்துவிட்டார். எனக்குத் திறக்க வேண்டியது ஒரே பக்கம். எது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். அக்கா போன மறுநாளிலிருந்தே அதை எடுக்கத்தான் பார்க்கிறேன். உன்னிடம் அதைச் சொல்ல வாய் வராமல் இருபத்திரண்டு ராஜ்ஜியத்தை இழுத்துக்கொண்டு வந்தேன்.

புருஷோத்தமனிடம் ஏர்பேட்டுக்கே போய்க் கேட்டேன். “பிசினஸ் இப்பதான் சூடு புடிச்சிருக்குது, நீ என்னாத்துக்கு அழிக்கணும்ங்கற? சைட்டுக்கு 2027 வரிக்கும் பணம் கட்டிட்டேன்” என்றான். அவனாலும் திறக்க முடியாது, சாவி என் பெயரில் இருக்கிறது. சைட் கம்பெனிக்கு ஏழு மெயில் எழுதினேன். பதிவான நம்பருக்கு வரும் எண்ணைப் போடவும் என்று ஏழு தடவையும் ஒரே பதில்.

அந்தப் பக்கத்தின் அடியில், வெப்சைட் செய்தவன் என்று என் பெயரும் நம்பரும் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்துப் போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் கன்னிகா. குப்பம் பக்கம் சாந்திபுரம். புருஷன் பாஸ்கருக்கு நாலு வருஷமாகத் தினம் ஊசி. இந்த மாதம் 12-ம் தேதி ஊசியை நிறுத்திவிட்டுப் பொடியை ஆரம்பித்திருக்கிறார்கள்.

“சார், அந்த செங்கம்மா நம்பர் குடுங்க. ஒரு வார்த்த பேசிக்கினா எனக்குத் தைரியமா இருக்கும்” என்றாள்.

“செங்கம்மான்னு யாரும் இல்லம்மா. நானே எழுதுனது. ஊட்டுக்காரருக்கு மொதல்ல ஊசியப் போடு.”

“அப்ப போட்டோல சிரிக்கிறது?”

“அது எங்கிருந்தோ எடுத்த போட்டோம்மா. யாருன்னே எனக்குத் தெரியாது.”

“வேற பொடிக்காரங்க உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்களா சார்? இப்படிப் பேசுவாங்கன்னு புருஷோத்தமன் சார் சொல்லித்தான் அனுப்புனாரு” என்றாள்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். கெஞ்சினேன். அவள் சொன்னது இதுதான்: “சைட்ல அப்படியேதான சார் இருக்குது. பொய்யா இருந்தா நீங்களே எடுத்திருப்பீங்கல்ல?” அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இன்றைக்குப் பாஸ்கருக்குப் பதிமூன்றாம் நாள்.

உன் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். செங்கம்மா இல்லை.

மாமா


கட்டமஞ்சி, சித்தூர்
29-10-2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அம்மா ஏமாந்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மா உங்களை எப்போது முழுசாக நம்பினாள்? நீங்கள் நூறு என்றால் ஐம்பது என்று எடுத்துக்கொள்வது இந்த வீட்டுப் பழக்கம். எனக்குச் சோறு ஊட்டும்போதே அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

பொடி ஆரம்பித்தது ஏப்ரல் 27. நாற்பத்தைந்தாம் நாள் நான் கண்டுபிடித்தேன். டிரம்மில் அட்டைகள் கிடைத்தது அப்புறம். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். “நாப்பது நாள் ஆயிடுச்சே, இன்னும் கால் எரியுதுங்கறியேம்மா, மாத்திரைய போடு” என்றேன். அம்மா சிரித்தாள். “எழுதனது யாரு? கோவர்த்தனன். அவன் நாப்பதுன்னா எம்பதுன்னு வெச்சிக்கணும். இன்னும் பாதி கெடக்குது” என்றாள். உங்களுக்குப் போடுகிற கணக்கை ஒழுங்காகத்தான் போட்டாள்.

நானும் சிரித்தேன் மாமா.

எழுபது நாள் ஆனபோது கால் விரலில் புண். மூன்று நாள் ஆஸ்பத்திரி. எண்பது வரவில்லை.

பக்கத்தை எடுக்க எண்ணைக் கொடு என்கிறீர்கள். கொடுக்க மாட்டேன். எடுத்துவிட்டால் அங்கே ஒன்றும் எழுதாதவர் போல நீங்கள் வெளியே வந்துவிடலாம். ஏற்கெனவே படித்துவிட்டு ஊசியை நிறுத்தியவர்கள் நிறுத்தியபடியே இருப்பார்கள். அந்தக் கன்னிகா தினமும் திறந்து பார்க்கிற பக்கம் அது. அதே இடத்தில் நடந்ததை எழுதுங்கள். யார் எழுதியது, யாருக்கு என்ன ஆனது, எல்லாம். முதலில் காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் பாஸ்கருடையது.

ஹரிப்ரியா


கொர்லகுண்டா, திருப்பதி
2-11-2024

நீதி தவறாத மருமகளுக்கு,

உடம்பு இருக்கிறது. நீங்கள் நலமாக இருங்கள். கேட்டதை எழுதிவிட்டேன். படித்தால் கல்லும் அழும்:

‘அகில உலகத்துச் சர்க்கரை நோயாளிகளே, கேளுங்கள். பொய்களின் பேரரசன், பாவிகளில் முதல் பாவி, பதினான்கு லோகத்திலும் இடம் கிடைக்காதவன் பேசுகிறேன். என் விரல்கள் தட்டிய எழுத்துகள் கோடி உயிர்களைக் குடித்தன. ஏழுமலையானே என் கண்ணைத் திறந்தான். இந்தப் பொடி பொடியல்ல, ஆலகாலம். தொட்டால் கை எரியும், பார்த்தால் கண் போகும். ஓடுங்கள், ஓடுங்கள்.’

எண்ணை எப்போது அனுப்புவாய்? இருபத்திரண்டாம் நாள்.

மாமா


கட்டமஞ்சி, சித்தூர்
6-11-2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் கோடு போட்டது நான். ஸ்கூலில் வாங்கின பேனா, தீர்ந்துவிட்டது.

கோடி உயிர் இல்லை. ஒரு உயிர்.

பேரரசன், முதல் பாவி என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர்கள் பாதியாக்கிக்கொள்வார்கள். பாதிப் பாவியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பார்த்தால் கண் போகும் என்கிறீர்கள். கன்னிகா இருபத்தாறு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் மீதியையும் நம்ப மாட்டாள்.

அம்மாவின் பெயர் எங்கே? உங்கள் பெயர் எங்கே? எத்தனை நாள்? செங்கம்மா எங்கே?

அம்மா பாதியாக்கத் தேவையில்லாதபடி ஒரே ஒரு தடவை எழுதுங்கள்.

ஹரிப்ரியா


திருப்பதி
12-11-2024

ப்ரியாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. உன் நைனாவின் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா என்று எழுது.

ஆறு நாளில் பதினொரு காகிதம் கிழித்தேன். பதினொன்று என்றால் பதினொன்றுதான், எண்ணினேன். பெரிதாக ஒரு வார்த்தை வரும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். முதலில் நோட்டீஸிலும் பிறகு சைட்டிலுமாக முப்பது வருஷம் அந்த வார்த்தைகளை விற்றுத்தான் சாப்பிட்டிருக்கிறேன். அவை இல்லாமல் ஒரு வரி எழுத எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

குரங்கு வரவில்லை. ஜூலை 8-ம் தேதி உன் நைனா போன் செய்து சொன்னபிறகு, லேப்டாப்பை நான்தான் போட்டு உடைத்தேன். உடைத்தால் அந்தப் பக்கமும் போய்விடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷத் தொழில்காரன், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், அந்த நேரத்தில் அப்படி நினைத்தேன்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. மே மாதம் ஒரு நாள் எண் கேட்டு அக்காவைக் கூப்பிட்டேன். துன்னியா என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம், “நானும் ஒன் பொடியத்தாண்டா துன்னுகினு இருக்கறேன்” என்றாள். டிராவல்ஸ்காரர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மிச்சம். “நல்லது நல்லது, நம்பரச் சொல்லுக்கா” என்றேன். சொன்னாள். அடித்தேன். திறந்தது. போனை வைத்துவிட்டேன்.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் போடப்போவது கீழே:

‘நாற்பது நாள் பொடி சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. எழுதியவன் நான். எனக்கு வைத்தியம் தெரியாது. பொடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. செங்கம்மா என்று யாரும் இல்லை. காஞ்சனா என்று ஒருத்தி இருந்தாள். சித்தூர், வயது ஐம்பத்தேழு. இதைப் படித்து மாத்திரையை நிறுத்தினாள். எழுபத்து மூன்றாம் நாள் இறந்தாள். மாத்திரையோ ஊசியோ நிறுத்தியிருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோவர்த்தனன், திருப்பதி.’

நீ சிரித்ததை நான் எழுதவில்லை. அது இந்தப் பக்கத்தில் வராது. எந்தப் பக்கத்திலும் வராது.

இன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள்.

மாமா


சித்தூர்
15-11-2024

மாமா,

நைனாவை டாக்டரிடம் காட்டினேன். பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார். போடாமல் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். உனக்குக் காய்ச்சல் திரும்ப வந்தால் ரத்தம் டெஸ்ட் செய்துகொள்.

எழுபத்து மூன்றை நான் காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நைனா உரக்கப் படிக்கச் சொன்னார், படித்தேன். ஒரு வார்த்தை விட்டிருக்கிறாய். ‘காஞ்சனா என்று ஒருத்தி’ என்பதற்கு முன்னால் ‘என் அக்கா’ என்று போடு. வேறு எதையும் மாற்றாதே.

எண்ணைத் தபாலில் அனுப்ப முடியாது, போனில் அனுப்பவும் எனக்கு மனசு வரவில்லை. வாசித்துச் சொன்னால் அம்மா மாதிரி இருக்கும், என்னால் ஆகாது. அதனால் சிம்மையே கழற்றிவிட்டேன். இந்தக் காகிதத்தின் கீழே செலோடேப்பில் ஒட்டியிருக்கிறது, பார். ஒட்டியது நைனா. அதனால் எட்டுச் சுற்று இருக்கிறது, பிளேடு வைத்து மெதுவாக எடு. ஜனவரி வரை ரீசார்ஜ் இருக்கிறது. அப்புறம் நீதான் செய்ய வேண்டும்.

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

கேட்காமல் அம்மா உனக்கு எண் கொடுத்ததே இல்லை. அதனால் நானும் கேட்கிறேன். துன்னியா?

ப்ரியா


திருப்பதி
18-11-2024

ப்ரியாவுக்கு,

பெல்ட்டை ஆணிக்குப் போடுவதற்கு வாங்கவில்லை என்று உன் நைனாவிடம் நான் சொன்னதாகச் சொல். எனக்குக் காய்ச்சல் இல்லை.

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. எட்டுச் சுற்று இல்லை, ஐந்துதான். சிம்மைப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். எண் என் கையிலேயே வந்தது. நானே வாய்விட்டு வாசித்தேன். ஒரே ஒரு ஏழு இருந்தது, ஏடு என்றுதான் வாசித்தேன். திறந்தபோது ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்பது நிமிடம் மிஞ்சியதே இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். நீ சொன்ன வார்த்தையைச் சேர்த்தேன். அடியில் என் நம்பர் இருந்த இடத்தில் அக்கா நம்பரைக் கொடுத்தேன். அந்த நம்பரை இனிமேல் நான் மாற்றப்போவதில்லை.

சாயங்காலமே புருஷோத்தமன் வந்துவிட்டான். கத்தினான், ஸ்டேஷனுக்குப் போவேன் என்றான். போ, நானும் வருகிறேன் என்றேன். போகவில்லை. ஆட்கள் படித்துவிட்டார்கள். என் சைட்டுகளில் ஒன்பது பேர் நேற்றே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள், பத்திரிகையில் வருமோ என்று பயம். வெங்கடரமணன் மட்டும் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து போகும்போது, “நம்முதுல அறுபதுன்னு இருக்கறத ஆறுன்னு போட்டுடு” என்றார். போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா நம்பருக்கு ஒரு போன் வந்தது. கன்னிகா. நான்தான் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

“இந்த காஞ்சனாம்மான்னு போட்டிருக்குதே, இவங்களாவது நெஜமா?” என்றாள்.

“நெஜம்மா. என் அக்கா.”

குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். “சார், நீங்களா? அவங்க ஊட்டுல யாராவது இருந்தா நம்பர் குடுங்க. ஒரு வார்த்த கேக்கணும்.”

“இதுதாம்மா அவங்க நம்பர்.”

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது. பிறகு, “எழுவத்தி மூணு நாள் நெஜமா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். “கொறச்சோ கூட்டியோ சொல்லலியே?” என்றாள். இல்லை என்றேன். அவள் போனை வைக்காமலேயே, “யோவ், எந்திரி, சட்டயப் போடு” என்று உள்ளே பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

முப்பத்தேழாம் நாள் பாஸ்கரைக் குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காலில் இரண்டு விரல் கறுத்திருக்கிறதாம். ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் போகட்டும் என்றாராம் டாக்டர். பிழைத்துவிட்டார் என்று எழுதக் கை போனது. தெரியாது. தெரியாததால் எழுதவில்லை.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. காலையில் ஒரு டீ, ஒரு பன். மத்தியானம் இன்னும் துன்னவில்லை. அக்காவிடம் பதினாறு வகைக் காய் என்று சொன்ன நாளெல்லாம்கூட இதேதான்.

பாதியாக்க வேண்டாம்.

மாமா